கொண்டையோடு அளந்த உயரம்

மார்ச் 12, புதன்.
இன்றைய தவறு: வகுப்பில் என் உயரத்தை 161 என்று எழுதினேன். என் உயரம் 158. உச்சிக்கொண்டையை அவிழ்க்காமல் நின்றிருக்கிறேன். மூன்று முறை அளந்து மூன்று முறையும் 161 வந்ததால் சரி என்று நினைத்துவிட்டேன்.

பாடி மேம்பாலத்துக்கு அடியில், ஆவடி போகும் பேருந்துக்காக நின்றபடியே அகல்யா இதை எழுதினாள். மாலை வகுப்பு ஏழு மணிக்கு முடியும். ஏழேகாலுக்குள் அன்றைய தவறை எழுதிவிட வேண்டும் என்பது அவளே தனக்குப் போட்டுக்கொண்ட விதி. வீட்டுக்குப் போனால் அம்மா தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "என்னடி அது, பரீட்சைக்கா?" என்பாள். அப்பா வேலை செய்யும் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இரண்டே அறைகள். எட்டிப் பார்க்க முடியாத மூலை ஒன்றுகூட அங்கே கிடையாது. எப்படியும் ஒரு நாளைக்கு ஒரு தவறு தேறிவிடும். தேறாத நாளில், எதையோ கவனிக்காமல் விட்டிருக்கிறேன் என்று அதையே தவறாக எழுதிக்கொள்வாள்.

மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வுகளை ஒழுங்காக நடத்துவது எப்படி என்று சொல்லித் தரும் ஓராண்டு வகுப்பு அது. ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் நடந்தது. அன்றைக்கு ஒருவரையொருவர் அளந்து பழகும் பயிற்சி. புழுக்கம் தாங்காமல் அகல்யா முடியை அள்ளி உச்சியில் முடிந்திருந்தாள். அவளை அளந்த விஷால், சேர்க்கைப் படிவத்தில் 158 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஒன்பது மாசத்துல மூணு சென்டிமீட்டர் வளந்துகீற. உங்க ஊட்ல இன்னா உரம் போடறாங்க?" என்றான். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு பேருந்து நிறுத்தம் வரைக்கும் இருந்தது. 'உச்சிக்கொண்டையை அவிழ்க்காமல்' என்று எழுதிய இடத்தில் நின்றுபோயிற்று. எழுதியதை மறுபடி படித்தாள். கை பின்னந்தலைக்குப் போய், அங்கிருந்து உச்சிக்கு வந்து, முடிச்சைத் தொட்டுப் பார்த்தது. அவள் ஏற வேண்டிய பேருந்து வந்து, நின்று, இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போயிற்று. அவள் ஏறவில்லை.

அம்பத்தூரில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் அகல்யா ஆய்வு உதவியாளர். ஐம்பது வயது தாண்டிய அறுபத்து நான்கு பெண்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வு. எலும்புப்புரை நோய் சத்தமில்லாமல் வரும். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த பிறகுதான் பலருக்கும் அப்படி ஒன்று தமக்கு இருந்ததே தெரியவரும். முறிவதற்கு முன்பே, செலவில்லாத சின்னச் சின்ன அளவுகளை வைத்து அதைக் கண்டுபிடித்துவிட முடியுமா என்பதுதான் ஆய்வின் கேள்வி. அந்த அளவுகளில் ஆகச் சின்னது உயரம். முதுகெலும்பில் அடுக்கியிருக்கும் எலும்புக் கட்டைகளில் ஒன்று நசுங்கினால் ஆள் கொஞ்சம் குட்டையாகிவிடுவார். முதல் அளவுக்கும் இரண்டாண்டு கழித்து எடுக்கும் அளவுக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் உடனே முதுகுக்கு எக்ஸ்ரே, நசுங்கியிருந்தால் மருந்து. குறையாதவர்களுக்கு எக்ஸ்ரே கிடையாது. அறுபத்து நான்கு பேரையும் இரண்டு தடவையும் அளந்தவள் அகல்யாதான்.

அளக்கும் முன் கூந்தலை அவிழ்க்கச் சொல்ல வேண்டும் என்று செயல்முறைக் கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி உண்டு. இரண்டாண்டுக்கு முன், வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், அந்த வரியை அவள் ஒரே ஒரு முறை கடைப்பிடித்தாள். அன்றைக்கு முதலாவதாக வந்தவர் ஞானம்மாள். ரயில்வே ஊழியரின் மனைவி, கனத்த குரல். "இன்னாது? காலங்காத்தால தலைய விரிச்சுப் போட்டுக்கினு நிக்கணுமா? எங்க ஊட்ல இன்னா எழவா வுழுந்துகீது?" என்றார். காத்திருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அகல்யாவுக்குக் காது மடல் சுட்டது. "இல்லைங்கம்மா, பரவால்ல, அப்படியே நில்லுங்க" என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு யாரையும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது பழகி, பழகியதே முறையாகிவிட்டது.

அடுத்து வந்த பேருந்தில் ஏறினாள்; உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பின்கழுத்தில் தாழ முடிகிறவர்களால் பிரச்சினை இல்லை. மேலிருந்து இறக்கும் அளவுப் பலகை உச்சந்தலையைத்தான் தொடும். இரண்டு முறையும் ஒரே உயரத்தில் கொண்டை போட்டவர்களாலும் பெரிதாக இல்லை. இரண்டு அளவிலும் ஒரே பிழை. முதல் முறை உச்சிக்கொண்டையோடும் இரண்டாம் முறை பின்னலோடும் வந்தவர்களுக்கு உயரம் குறைந்ததுபோல் தெரியும். வீணாக ஒரு எக்ஸ்ரே எடுத்திருப்போம், அவ்வளவுதான். அம்பத்தூர் எஸ்டேட் வளைவில் பேருந்து திரும்பும்போதுதான் நான்காவது வகை அவள் மனதில் வந்தது. முதல் முறை தலையில் ஒன்றுமில்லாமல் வந்து, இரண்டாம் முறை உச்சிக்கொண்டையோடு வந்தவர். அப்படி ஒருவர் இருந்தால், அவர் நிஜமாகவே குட்டையாகியிருந்தாலும் காகிதத்தில் குட்டையாகியிருக்க மாட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே மருத்துவமனைக்கு வந்து கோப்பு அலமாரியைத் திறந்தாள். ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும், சேர்ந்த அன்று எடுத்த புகைப்படம் ஒட்டியிருக்கும். இரண்டாம் அளவுக்கு எப்படி வந்தார்கள் என்பதை நினைவிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு தாளில் நான்கு வகைக்கும் 'தெரியவில்லை' என்பதற்குமாக ஐந்து கட்டம் போட்டுக்கொண்டு ஒன்றிலிருந்து தொடங்கினாள். தாழ்ந்த கொண்டை. பின்னல். பின்னல். தெரியவில்லை. பூ வைத்து மறைத்திருக்கிறது. முப்பத்தேழாம் எண்ணில் கை நின்றது. புகைப்படத்தில் வழுவழுவென்று சந்தனம் பூசிய மொட்டைத் தலை. அதன் கீழே, ஒரு பல் போன இடம் தெரியச் சிரிக்கும் முகம். அஞ்சலை, கள்ளிக்குப்பம், வயது ஐம்பத்தாறு, தொழிற்சாலை கேன்டீனில் வேலை.

அகல்யாவுக்கு அஞ்சலையை நன்றாக நினைவிருந்தது. சேர்ந்தபோது திருத்தணியில் முடி கொடுத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. சென்ற மாதம் இரண்டாம் அளவுக்கு, வேலைக்குப் போகிற வழியில் வந்தார். கேன்டீனில் சாப்பாட்டில் முடி விழக்கூடாது என்று எல்லாப் பெண்களும் உச்சியில் கொண்டை போட்டு அதன் மேல் வலைத்தொப்பி மாட்ட வேண்டும். அந்தத் தொப்பியோடுதான் பலகைக்குக் கீழே நின்றார். முதல் உயரம் 150.4. இரண்டாவது 150.1. நின்றபோது ஏதோ சொன்னாரே? அகல்யா கண்ணை மூடி யோசித்தாள். "என் பாவாடையெல்லாம் நீளமாப் பூடுச்சு கண்ணு, தரையப் பெருக்கினு வருது." உடம்பு இளைத்துவிட்டாரோ என்று அன்றைக்கு அவள் எடையைப் பார்த்தாள். எடை மாறவில்லை. 'மாற்றமில்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள்.

அந்த டிக் இப்போது அவள் கண்ணெதிரில் இருந்தது. அழகாக, கட்டத்துக்கு வெளியே போகாமல் போட்டிருந்தாள்.

ஸ்கேன் அறையைத் திறக்க வந்த முகமது ஆசிக், தரையில் பரப்பியிருந்த கோப்புகளைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான். எலும்பு அடர்த்தி பார்க்கும் இயந்திரம் அவன் பொறுப்பு. "இன்னா மேடம், கடை போட்டுகீறீங்க? கிலோ எவ்ளோ?"

அவள் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்பே அவன் கீழே உட்கார்ந்து முப்பத்தேழாம் கோப்பை எடுத்துக்கொண்டான்.

"ஆனா ஸ்கேன்ல அஞ்சலையம்மாவுக்கு முதுகு சுமாரா நல்லாதானே வந்துச்சு?" என்றாள் அகல்யா. அதுதான் அவளுடைய கடைசி நம்பிக்கை.

"அதை நம்பாத. நசுங்கின எலும்பு ஸ்கேன்ல கெட்டியாத் தெரியும். பஞ்சு மிட்டாய அமுக்கினா இன்னா ஆவும்? சின்னதா, கெட்டியா ஆவும்ல? அதுக்குன்னு பஞ்சு மிட்டாய் ஜாஸ்தியாச்சுன்னு அர்த்தமா?" அவன் பக்கத்தைப் புரட்டினான். "நசுங்கிகீதான்னு எனக்குத் தெரியாது. ஆனா நல்லா வந்துச்சுன்னு வுட்டுட முடியாது."

"நீ என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவ?"

"ரெண்டு டீ குடிப்பேன். அப்புறம் டாக்டராண்ட போய்ச் சொல்லுவேன்."

"ஒரு டீ போதாதா?"

"மொத டீ, சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியப்போவுதுன்னு யோசிக்கறதுக்கு."

அவள் அந்த முதல் டீயைக் குடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆய்வை நடத்தும் டாக்டர் ரகுநாதன் வர ஒன்பது மணி ஆகும். அதுவரைக்கும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்தாள். மாதக் கடைசியில் எல்லா எண்களையும் புள்ளியியல் நிபுணருக்கு அனுப்ப வேண்டும். சொன்னால் அறுபத்து நான்கு உயரங்களும் சந்தேகத்துக்குள்ளாகும். இரண்டு வருட வேலை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்பதன் கீழே அவளுடைய கையெழுத்து இருக்கிறது. அஞ்சலையை மட்டும் வேறு ஏதாவது சொல்லி வரவழைத்து எக்ஸ்ரே எடுத்துவிட்டால் என்ன? அது முடியக்கூடியது என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவளுடைய தாளில் 'தெரியவில்லை' என்ற கட்டத்தில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். பத்தொன்பது பேரில் இன்னொரு அஞ்சலை இல்லை என்று அவளால் சொல்ல முடியாது.

ரகுநாதன் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அது கோபத்தின் அடையாளம் என்று அவளுக்குத் தெரியும்.

"பதினாலாம் பக்கம் படிச்சீங்களா இல்லையா?"

"படிச்சேன் சார். ஒருத்தர் திட்டினாங்க. அப்புறம் கேக்கறத விட்டுட்டேன்."

"யாரு திட்டினது?"

"அது வேணாம் சார். கேக்காதது நான்."

அவர் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவரே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரிபார்த்திருக்கேன். ஒரு நாள்கூட வராந்தாவுக்கு வந்து நீங்க எப்படி அளக்கறீங்கன்னு பார்க்கல" என்றார். அவளிடம் சொன்னதாகத் தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மத்தவங்களப் பத்தி நாளைக்குப் பேசுவோம். இந்தம்மா தினமும் எவ்வளவு வெயிட் தூக்கறாங்க?"

"சாம்பார் குண்டான் சார். ரெண்டு பேரா."

"அப்ப இன்னைக்கே போங்க."

கழற்றி மாட்டக்கூடிய, உயரம் அளக்கும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவள் ஆசிக்கின் வண்டியில் பின்னால் உட்கார்ந்தாள். கள்ளிக்குப்பத்தில் தெருவுக்குள் நுழைந்ததும் வேலைக்குப் போகாத அத்தனை பேரும் கம்பத்தைப் பார்த்தார்கள். மின்வாரியத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒருவர், "எங்க ஊட்டாண்டயும் ஒயரு தொங்கினுகீது" என்றார்.

அஞ்சலையின் கணவர் துலுக்கானம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். லாரியில் சரக்கு ஏற்றியவர். இரண்டரை வருடத்துக்கு முன் ஒரு இரும்புச் சுருள் உருண்டு கால் முறிந்ததிலிருந்து வாட்ச்மேன் வேலை. ஆய்வில் இருந்து வந்திருப்பதாகச் சொன்னதும் உள்ளே திரும்பி, "ந்தா, உன்ன பள்ளிக்கூடத்துல சேக்க வந்துகீறாங்க, எந்திரி" என்று குரல் கொடுத்தார். பிறகு ஆசிக்கிடம் தாழ்ந்த குரலில், "மூணு நாளா வேலைக்கு டிமிக்கி, நைனா. கேட்டா முதுகுன்றா. வாயுவுக்கு இஞ்சி கஷாயம் வச்சுக் குடிச்சா சரியாப் பூடும்னு சொன்னா, குடிக்க மாட்டேன்றா" என்றார்.

"நீ குடி. உனுக்குத்தான் வாயி ஜாஸ்தி" என்றது உள்ளிருந்து குரல்.

அஞ்சலை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். வீட்டில் இருந்தாலும் கொண்டை உச்சியில்தான் இருந்தது, பழக்கம். பாவாடை விளிம்பு ஒரு விரற்கடை அகலத்துக்குக் கிழிந்து மண் நிறமாகியிருந்ததை அகல்யா பார்த்தாள். இடுப்பில் இரண்டு சுற்று மடித்துச் செருகியிருந்தும் அது தரையைத் தொட்டது.

"அம்மா, போன மாசம் உங்க உயரத்தத் தப்பா அளந்துட்டேன். கொண்டைய அவுக்கச் சொல்லாம விட்டுட்டேன். என் தப்புதான். மறுபடியும் அளக்கணும்."

அஞ்சலை ஒரு கையால் கொண்டையைப் பொத்திக்கொண்டார். ஆசிக்கைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். "அதெல்லாம் வேணாம். அதுல ஒரு நூல் அளவு வேணா கொறச்சுக்கோ."

ஞானம்மாளின் குரல் அகல்யாவின் காதுக்குள் ஒரு முறை கேட்டு அடங்கியது. 'பரவால்ல, அப்படியே நில்லுங்க' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள். "ஆசிக், நீயும் ஐயாவும் போய் டீ குடிச்சுட்டு வாங்க" என்றாள்.

"ரெண்டா?" என்றான் ஆசிக்.

"ரெண்டு."

ஆண்கள் போனதும் அவள் கதவைச் சாத்தினாள். அஞ்சலை அப்போதும் கையை எடுக்கவில்லை. அகல்யா வேறு எதுவும் சொல்லத் தெரியாமல், தன் தலையிலிருந்த கிளிப்பை எடுத்தாள். முடி தோளில் விழுந்தது. "இந்தாங்க, நானும் அவுத்துட்டேன். ரெண்டு பேரும் விரிச்சுப் போட்டுக்குவோம்."

அஞ்சலை அந்த முடியைப் பார்த்தார். "நல்ல முடி உனுக்கு" என்றார். பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிப் பல்லில் கடித்துக்கொண்டு, கொண்டையைச் சுழற்றினார். கொண்டை அப்படியே கையோடு வந்துவிட்டது. சவுரி. கட்டியான, கறுத்த சவுரி. அதை எடுத்த பிறகு தலையில் இருந்தது விரல் நீளத்துக்கு நரைத்த, அங்கங்கே மண்டை தெரியும் முடி.

"அந்தாளு காலு பொழச்சா முடி தரேன்னு வேண்டிக்கினேன். காலு வந்துச்சு. முடி வரல" என்றார் அஞ்சலை, ஊசிகளுக்கு நடுவிலிருந்து. "இந்தாளுக்கே தெரியாது, சவுரி வச்சுக்கினு கீறேன்னு. தெரிஞ்சா சும்மா கிண்டல் பண்ணிக்கினே இருப்பாரு. சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன்."

குதிகால் கம்பத்தைத் தொட, முகவாய் நேராக, அஞ்சலை நின்றார். அகல்யா பலகையை இறக்கினாள். அது எங்கேயும் தட்டாமல் நேராக மண்டை ஓட்டில் வந்து உட்கார்ந்தது. 146.3. இறங்கச் சொல்லி மறுபடி ஏறச் சொன்னாள். 146.2. மறுபடி. 146.3. மூன்று முறை ஒரே மாதிரி வந்தால் சரியாக இருக்கும் என்று நம்புவதற்கு அவளுக்கு இப்போது பயமாக இருந்தது. தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். அஞ்சலையின் தலையையும் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை, வெறும் தலை.

"நாலு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கீங்கம்மா."

அஞ்சலை ஊசிகளை வாயிலிருந்து எடுத்தார். முகத்தில் பயம் வரும் என்று அகல்யா எதிர்பார்த்தாள். வந்தது வேறு ஒன்று. "அப்ப பாவாட நீளல. நான்தான் கொறஞ்சுகீறேன்" என்று மெல்லச் சொன்னார். "நான் அப்பவே சொன்னேன்ல?"

"சொன்னீங்க. நான் காதுல வாங்கல."

அன்று மாலையே எடுத்த எக்ஸ்ரேயில், முதுகின் நடுவில் இரண்டு கட்டைகள் முன்பக்கம் அழுந்தி ஆப்பு வடிவத்தில் இருந்தன. ரகுநாதன் அதை வெளிச்சத்தில் மாட்டி, துலுக்கானத்தை அருகில் கூப்பிட்டுப் பேனா முனையால் காட்டினார். மற்ற கட்டைகள் சோப்புக் கட்டிபோலச் சதுரமாக இருக்க, அவை இரண்டும் ஓரத்தில் கரைந்த சோப்புபோல இருந்தன. இன்னும் மூன்று மாதம் குண்டான் தூக்கியிருந்தால் மூன்றாவதும் போயிருக்கலாம் என்றார். எலும்பு மேலும் கரையாமலிருக்க ஒரு மருந்து இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை டிரிப்பில் ஏற்றுவார்கள். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு அடுத்த வாரமே ஏற்றிவிடலாம். மூன்று மாதம் கனமாக எதுவும் தூக்கக் கூடாது. நசுங்கியது பழையபடி நிமிராது, ஆனால் வலி குறையும்; மற்ற எலும்புகளைக் காப்பாற்றலாம்.

துலுக்கானம் அந்த இரண்டு கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "இந்தப் படம் எங்களாண்ட குடுப்பீங்களா, சார்?" என்று மட்டும் கேட்டார்.

கொடுத்தார்கள். மறுநாள் ஆசிக் சொல்லித்தான் அகல்யாவுக்குத் தெரிந்தது: டீக்கடையில் துலுக்கானம் எக்ஸ்ரேயை வெயிலில் பிடித்து ஒவ்வொருவருக்கும் காட்டியிருக்கிறார். "பாருய்யா, ரெண்டு எலும்பு நசுங்கிகீது. இத வச்சுக்கினு குண்டான் தூக்கினா எம் பொண்டாட்டி. உன்னால முடியுமா? நான் அப்பவே சொன்னேன், இது வாயு இல்லன்னு." அதே படத்தையும் ரகுநாதன் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் எடுத்துக்கொண்டு கேன்டீன் மேலாளரிடம் போயிருக்கிறார். அஞ்சலைக்கு இனிமேல் உட்கார்ந்து காய் நறுக்கும் வேலை. நறுக்குகிற இடம் தனி அறை என்பதால் வலைத்தொப்பிக்குப் பதில் துணி கட்டிக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்டபோது அகல்யாவுக்குச் சவுரி நினைவுக்கு வந்தது. இனி அது பெட்டிக்குள் போகுமா, கொண்டையிலேயே இருக்குமா என்று யோசித்தாள். கேட்கக்கூடிய விஷயமில்லை.

அவளுக்குத்தான் வேலை கூடிவிட்டது. ஆய்வுக் கோப்பில் எழுதிய எதையும் வெள்ளை மை வைத்து அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு. அடித்த எண் கீழே தெளிவாகத் தெரிய வேண்டும். பக்கத்தில் புதிய எண், தேதி, கையெழுத்துச் சுருக்கம், காரணம். அவள் 150.1-இன் குறுக்கே அளவுகோல் வைத்துக் கோடு போட்டாள். 146.3 என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'கூந்தல் அவிழ்க்கப்படவில்லை' என்று எழுதிவிட்டு, அது போதாதென்று தோன்ற, 'அளந்தவர் கேட்கவில்லை' என்று சேர்த்தாள். நெறிமுறைக் குழுவுக்கு ரகுநாதன் எழுதிய கடிதத்தில், தவறுக்குப் பொறுப்பானவர்களில் முதல் பெயராக அவருடைய பெயரே இருந்தது. அறுபத்து நான்கு பேரையும் மறுபடி அளந்து முடிக்கும்வரை எண்கள் எங்கேயும் போகாது. முதல் அளவு எடுத்த நாளுக்கு யாராலும் திரும்பிப் போக முடியாது என்பதால், ஆய்வின் ஒரு கேள்விக்குப் பதில் கொஞ்சம் மங்கலாகத்தான் வரும். அதையும் அவர் எழுதியிருந்தார்.

"வேலைய விட்டு எடுத்துடுவாங்கன்னு நெனச்சியா?" என்று ஆசிக் கேட்டான்.

"ஆமா."

"எடுத்துட்டா இத்தன பேர யாரு மறுபடி அளக்கறது? நானா? அவங்கல்லாம் சீப்பாலயே அடிப்பாங்க."

அளக்கும் இடத்தை அவளே மாற்றி அமைத்தாள். கம்பத்தை வராந்தாவிலிருந்து உள்ளே கொண்டுபோனாள். வாசலுக்கு ஆசிக் ஒரு பச்சைத் திரை மாட்டினான். மாட்டியதும், இனிமேல் இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று அவனே வெளியே போய்விட்டான். சுவரில் ஒரு கண்ணாடி. மேசைமேல், ஊசிகளும் பூவும் வைக்க ஒரு எவர்சில்வர் தட்டு. புதன்கிழமை டிரிப் ஏற்றிக்கொள்ள வந்த அஞ்சலை, போகும்போது திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. பாவாடை கணுக்காலுக்கு மேலே நின்றது. விளிம்பை மடித்துத் தைத்திருந்தார். கண்ணாடியில் தன்னைப் பார்த்து உச்சிக்கொண்டையை ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துகொண்டார். பிறகு மடியிலிருந்து ஐந்தாறு கொண்டை ஊசிகளை எடுத்துத் தட்டில் போட்டார்.

"எதுக்கும்மா?"

"அவுக்கச் சொல்லுவ. அவுத்தா ஒண்ணு ரெண்டு காணாப்பூடும். தேடிக்கினு திட்டுவாளுங்க. இருக்கட்டும்."

மார்ச் 21, வெள்ளி.
இன்றைய தவறு: இன்று வெள்ளிக்கிழமை என்பதை மறந்து நான்கு பேரை வரச் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை தலையை அவிழ்க்கச் சொல்லக் கூடாது என்று மாங்காட்டிலிருந்து வந்த தாயம்மாள் சொன்னார். அவர் சொன்னது சரி. நால்வருக்கும் வேறு நாள் கொடுத்தேன். இனி பட்டியலில் வெள்ளி இல்லை.
தட்டில் ஊசிகள் ஆறு இருக்கின்றன.
நாளை: காலை ஏழரை மணி. சீப்பு இரண்டு வாங்கிப் போக வேண்டும். முதல் ஆள் ஞானம்மாள். கொண்டையை அவிழ்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.